சோளக்கட்டையைத் தின்பது யார்? வறண்ட நிலத்தில் கரையான் செய்யும் வேலை

சோளம் அறுத்து இரண்டு மாதம் ஆன மானாவாரிக் காட்டில், சித்திரை வெயிலில் ஒருமுறை நடந்து பாருங்கள். கால் வைக்கும் இடமெல்லாம் தட்டைக் கட்டைகள் துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றில் பலவற்றின் மேல் மண் அப்பியிருக்கும். யாரோ ஈர மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டுப் போனது போல இருக்கும். ஒன்றைக் காலால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். உள்ளே தட்டை இருக்காது. தட்டையின் வடிவத்தில் ஒரு மண்குழாய் மட்டும்தான் நின்றுகொண்டிருந்திருக்கும்.

'கரையான் ஏறிடுச்சு' என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் இதில் ஒரு புதிர் இருக்கிறது. மழை பெய்து மாதக்கணக்கில் ஆகிறது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. குப்பைக்குழி மக்க வேண்டுமென்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே யாரும் தெளிக்கவில்லை. அப்புறம் எப்படி இந்தக் கட்டை காணாமல் போனது?

இந்தக் கேள்வியில் அறிவியலும் ஒரு காலத்தில் தடுக்கி விழுந்தது. 1978இல் வெர்னான் மீன்டெமேயர் என்ற அமெரிக்கப் புவியியலாளர், உதிர்ந்த இலை எவ்வளவு வேகத்தில் மக்கும் என்று கணக்கிட ஒரு வழி சொன்னார். ஓர் இடத்தின் மண்ணிலிருந்தும் செடிகளிலிருந்தும் ஆண்டில் எவ்வளவு நீர் ஆவியாகிறது என்பதையும், இலையை விறைப்பாக வைக்கும், எளிதில் மக்காத லிக்னின் என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் போதும், மக்கும் வேகத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு. அடிப்படை எளிமையானது: மக்க வைப்பவை பூஞ்சையும் பாக்டீரியாவும், அவற்றுக்குத் தேவை ஈரமும் சூடும். ஈரமான காடுகளில் கணக்கு நன்றாகவே பொருந்தியது. பாலையில் பொருந்தவில்லை. அங்கே ஆவியாக நீரே கிடையாது, அதனால் மக்கலும் ஏறக்குறைய நின்றுபோயிருக்க வேண்டும். ஆனால் சருகு கணக்கைவிட வேகமாக மறைந்துகொண்டிருந்தது. அமெரிக்கச் சூழலியலாளர் வால்டர் விட்ஃபோர்டும் அவருடன் வேலை செய்தவர்களும் 1981இல் பாலையை இந்தக் கணக்கின் விதிவிலக்கு என்றே எழுதினார்கள்.

விதிவிலக்குக்கு ஒரு காரணம் வெயில். எமி ஆஸ்டின், லூசியா விவாங்கோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில், வறண்ட புல்வெளிச் சருகின் மேல் வெயில் படாமல் மறைத்துப் பார்த்தார்கள். மக்கல் 60 விழுக்காடு குறைந்தது. 2006இல் இது வெளியானபோது பலரும் வியந்தார்கள். சருகை உயிர்கள்தான் மக்க வைக்க வேண்டும் என்றில்லை, வெயிலே அதை உடைத்துக் காற்றில் விட்டுவிடுகிறது. ஆனால் வெயில் மேலே படுவதை மட்டும்தான் உடைக்கும். தடித்த தண்டு, வேர், கிளை, கல்லாகக் காய்ந்த சாணி, மண்ணுக்குள் பாதி புதைந்த கட்டை இவற்றை ஒன்றும் செய்யாது. வெப்பமான வறண்ட நிலங்களில் அந்த மிச்சத்தில் பெரும்பங்கு கரையான் கணக்கு.

ஈரத்தைக் கையோடு கொண்டுபோகிற பூச்சி

மண்ணின் மேல் கிடக்கும் சருகில் வாழும் பூஞ்சைக்கு மழை பெய்த ஓரிரு நாள்தான் வாழ்வு. அடுத்த வெயிலில் சருகு அப்பளமாகிவிடும், பூஞ்சை சுருண்டு அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும். கரையானும் வெயிலைத் தாங்குகிற பூச்சி அல்ல. மெல்லிய தோல், வெளுத்த உடம்பு. வெயிலில் எடுத்துப் போட்டால் சீக்கிரம் வற்றிச் செத்துவிடும். ஆனால் அது காத்திருப்பதில்லை. ஆழத்தில் ஈரமுள்ள இடத்திலிருந்து மண்துகளை வாயில் கவ்வி வந்து, எச்சிலில் குழைத்து, தின்ன வேண்டிய பொருளின் மேலேயே கூரை போட்டுவிடும். தட்டைமேல் நாம் பார்க்கும் மண்பூச்சு இதுதான். உள்ளே நிழல், காற்றில் ஈரம், எறும்புகளிடமிருந்து மறைவு. கடும் கோடையில் மேலே வர முடியாதபோது கீழே இறங்கிக்கொள்ளும், இரவில் வரும், மேகமூட்டத்தில் வரும்.

இன்னொரு ஈரம் அதன் வயிற்றில் இருக்கிறது. பின்குடல் என்பது ஒரு மில்லிமீட்டர் அளவிலான குப்பைக்குழி. எப்போதும் நனைந்தே இருக்கும், உள்ளே பாக்டீரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும். சில இனங்களில் பாக்டீரியாவோடு ஒற்றைச் செல் உயிர்களும் உண்டு. மாவுச்சத்து எரியும்போது உண்டாகும் நீரும் அந்த உடம்புக்குள்தான் சேர்கிறது. மழை பெய்தால் மண்ணில் நடக்க வேண்டிய வேலை, மழை இல்லாதபோது இந்தப் பூச்சியின் உடம்புக்குள் நடக்கிறது. மீன்டெமேயரின் கணக்கில் விடுபட்டுப்போனது இந்த நடமாடும் ஈரம்தான்.

கரையானை எறும்பு இனம் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. ஆங்கிலேயர்களும் 'வெள்ளை எறும்பு' என்றுதான் எழுதினார்கள். உண்மையில் இது கரப்பான்பூச்சியின் நெருங்கிய சொந்தம். மரக்கட்டையைத் தின்று கூட்டமாக வாழ்ந்த ஒரு கரப்பான் வம்சத்திலிருந்து பிரிந்த கிளை. அதனால் இப்போது வகைப்பாட்டிலும் கரப்பான் வரிசைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். உலகில் சுமார் 3,000 இனங்கள். வீட்டுக் கதவையும் புத்தகத்தையும் அரிப்பவை அவற்றில் சிறு கூட்டம்தான். மற்றவை நம் கண்ணில் படாமல் சருகையும் சாணியையும் மண்ணையும் தின்றுகொண்டிருக்கின்றன.

நம் ஊரில் மதில் போல மடிப்பு மடிப்பாக உயரும் புற்றைக் கட்டுவது பெரும்பாலும் ஓடோன்டோடெர்மிஸ் ஒபேசஸ் என்ற இனம். இது தின்பதைத் தானே முழுதாகச் செரிப்பதில்லை. வயலில் கடித்த தட்டையை இளம் வேலைக்காரக் கரையான்கள் விழுங்கி, அரைகுறையாகச் செரித்து, புற்றுக்குள் மூளை போல மடிந்த ஒரு கூட்டின் மேல் எச்சமாக இடுகின்றன. அந்தக் கூட்டில் டெர்மிடோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. ரவை போலச் சிறு சிறு வெள்ளை முடிச்சுகள் தெரியும். பூஞ்சை நாரை உடைத்துப் பதப்படுத்தி வைத்தபின், பழைய கூட்டைக் கீழிருந்து மூத்த கரையான்கள் தின்கின்றன. இரண்டு முறை சமைத்த சாப்பாடு. கடைசியில் கழிவென்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை. மழை விழுந்ததும் புற்றடியில் முளைக்கிறதே புற்றுக்காளான், அது இந்தப் பூஞ்சையின் பூ. வேறு எங்கும் இது முளைக்காது. கரையான் இல்லாமல் வளர்க்கவும் முடியவில்லை. அதனால்தான் கடையில் சிப்பிக்காளான் கிடைக்கிறது, புற்றுக்காளானுக்கு இன்னும் காடு மேடு அலைய வேண்டியிருக்கிறது.

இந்தப் பூஞ்சைக் கூட்டை முதலில் எழுத்தில் பதிந்தவர் நம் கடற்கரையில் இருந்தவர்தான். உயிர்களுக்கு லத்தீன் இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக், தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்தவர். தஞ்சைப் பகுதியில் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து 1779இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை எழுதினார். ஆப்பிரிக்கப் புற்றுகளைப் பற்றி ஸ்மீத்மன் லண்டனில் எழுதிப் புகழ்பெற்றது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. கோனிக் பெயரிட்ட இன்னொரு கரையான் இன்று அனகாந்தோடெர்மிஸ் வியாரம் என்று அழைக்கப்படுகிறது. வியாரம் என்றால் லத்தீனில் 'பாதைகளின்' என்று பொருள். காய்ந்த புல்லை அறுத்து வளைக்குள் சேர்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தக் கூட்டத்துக்கு மற்றக் கரையான்களைப் போல முழுக் கூரை வேண்டாம், கொஞ்சம் கறுத்த தோலும் கண்ணும் உண்டு, திறந்த வெளியிலேயே வந்து அறுத்துப் போகும். ஆப்பிரிக்காவின் தென்கோடி வறண்ட புல்வெளிகளில் இதே வேலையை ஹோடோடெர்மிஸ் செய்கிறது.

விஷம் ஊற்றிப் பார்த்த பாலைவனம்

கரையான் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல ஒரே நேர்மையான வழி, அதை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது. அப்படிச் செய்த இடம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் க்ரூசஸ் நகருக்கு அருகே உள்ள ஹோர்னாடா. மெக்சிகோவரை நீளும் சிவாவா பாலைவனத்தின் ஒரு பகுதி. அங்கே புற்று கட்டாமல் மண்ணுக்கடியிலேயே வாழும் நாதமிடெர்மிஸ் ட்யூபிஃபார்மன்ஸ் என்ற கரையான் நிறைந்திருக்கிறது. 1970களின் கடைசியில் விட்ஃபோர்டின் குழு சில பாத்திகளில் குளோர்டேன் என்ற பூச்சிக்கொல்லியை ஊற்றிக் கரையானை ஒழித்தது, பக்கத்துப் பாத்திகளை அப்படியே விட்டது. குளோர்டேன் பின்னாளில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் உலகம் ஒதுக்கிவைத்த நஞ்சுகளில் ஒன்று. இன்று யாரும் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

முதலில் தெரிந்தது அளவு. அந்தப் பாலையில் செடிகள் ஓராண்டில் உருவாக்கும் பொருளில் குறைந்தது பாதியாவது கரையான் வயிற்றுக்குள் போகிறது என்று 1982இல் அவர்கள் கணக்கிட்டார்கள். மாடு, முயல், எலி எல்லாம் அப்புறம்தான். சாணியும் அப்படித்தான். அங்கே சாணி ஓரிரு நாளில் பலகையாகக் காய்ந்துவிடும், பிறகு சாணி வண்டுக்குப் பயன்படாது. அடியிலிருந்து வந்து அதை அரித்துத் தீர்ப்பது கரையான். நம் வீட்டு வறட்டிக் குவியலின் அடி வரிசையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது முடிவுதான் எனக்கு அதிகம் பிடித்தது. 1986இல் எல்கின்ஸ் என்பவரை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரையில் வந்தது. செடி மறைப்பு இல்லாத வெற்றுத் தரையில் செயற்கை மழை பெய்யவைத்து, நீர் மண்ணுக்குள் இறங்கும் வேகத்தை அளந்தார்கள். கரையான் இருந்த இடத்தில் மணிக்கு சுமார் 88 மில்லிமீட்டர். விஷம் ஊற்றிச் சில ஆண்டுகள் ஆன இடத்தில் 51. மண்ணுக்கடியில் ஓடிய சுரங்கங்கள் தூர்ந்துபோனதால் மழைநீர் இறங்க வழியில்லாமல் வழிந்தோடியது. புதர்களின் அடியில் மட்டும் இந்த வித்தியாசம் தெரியவில்லை. அங்கே வேரும் சருகும் மண்ணைத் திறந்தே வைத்திருந்தன.

இதைப் படித்த பிறகு கரையானைப் பற்றிய என் கணக்கு மாறியது. சருகைத் தின்று சத்தாக மாற்றித் தரும் உழவர் நண்பன் என்று சொல்வது பாதி உண்மை. வறண்ட நிலத்தில் அதன் பெரிய பங்களிப்பு துளை. சருகு அதற்குக் கொடுக்கும் கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

சத்து விஷயத்தில் ஹோர்னாடா சொன்ன கதை அவ்வளவு இனிப்பானது அல்ல. கரையான் ஒழிந்த பாத்திகளில் மேல்மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடியது, கீழே கிடந்த சருகும் கூடியது. பின்னர் வந்த அளவீடுகளிலும் கரையான் அதிகமுள்ள இடங்களில் மண்ணின் கரிமப் பொருள் குறைவாகவே இருந்தது. காரணம் எளிது. மண்ணில் பூஞ்சை மெல்ல மக்க வைத்தால் கொஞ்சம் மட்கு மிஞ்சும். கரையான் துடைத்துத் தின்றுவிட்டுப் பெரும்பகுதியைக் கரியமில வாயுவாக மூச்சில் விட்டுவிடுகிறது. மிஞ்சுவதையும் வயல் முழுக்கப் பரப்புவதில்லை, கூட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. புற்றைச் சுற்றிப் புல் பச்சையாக நிற்பதும், ஆப்பிரிக்காவில் சில பகுதி விவசாயிகள் புற்றை உடைத்து வயலில் இறைப்பதும் அதனால்தான். சத்து ஓரிடத்தில் குவிந்துகிடக்கிறது. அது மறுபடி வெளியே பரவ மழையில் புற்று கரைய வேண்டும், அல்லது கரடியோ அழுங்கோ தோண்ட வேண்டும், அல்லது முதல் மழைக்கு ஈசல் கிளம்ப வேண்டும். ஒரு மாலையில் ஈசலை அள்ளும் காக்கை, பல்லி, தவளை, அப்புறம் விளக்கு வைத்துப் பிடித்துப் பொரியோடு வறுக்கும் மனிதர்கள் என்று எல்லோரும் சேர்ந்துதான் அந்தச் சத்தை ஊருக்குப் பிரித்துக் கொடுக்கிறோம்.

வாயு என்றதும் மீத்தேன் ஞாபகம் வரும். கரையான் குடல் மீத்தேனை உண்டாக்குகிறது, உண்மைதான். ஆனால் உலக மீத்தேனில் அதன் பங்கு சில விழுக்காடுதான். அதோடு, ஆஸ்திரேலியப் புற்றுகளை ஆராய்ந்து 2018இல் வந்த முடிவின்படி, உண்டாகும் மீத்தேனில் பாதியளவைப் புற்றுமண்ணிலேயே வாழும் பாக்டீரியா தின்றுவிடுகிறது.

ஜாய் குழி

துளையை வேண்டுமென்றே வேலைக்கு அழைத்தவர்கள் புர்க்கினா ஃபாசோ நாட்டின் வடக்கே யாத்தெங்கா பகுதி விவசாயிகள். சஹாராவுக்குக் கீழே உள்ள சாஹேல் பட்டையில் இருக்கிறது. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் அடுத்தடுத்து வறட்சி. மேல்மண் போய், மிச்ச மண் வெயிலில் பொருக்குத் தட்டி ஓடு போல இறுகிவிட்டது. உள்ளூர் மோரே மொழியில் இப்படிப்பட்ட நிலத்துக்கு ஜிப்பெல்லே என்று பெயர். பெய்கிற கொஞ்ச மழையும் அதன்மேல் வழுக்கி ஓடிவிடும். ஏர் இறங்காது. விதை முளைக்காது. ஊரைவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

அங்கே முன்பே ஒரு பழக்கம் இருந்தது. கோடையில் சிறு குழிகள் தோண்டி வைத்து மழைக்கு விதைப்பது. இதற்கு ஜாய் என்று பெயர். யாகூபா சவாடோகோவும் அக்கம்பக்கத்து விவசாயிகளும் அந்தக் குழியைப் பெரிதாக்கினார்கள். ஒரு சாண் அகலம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய அதே அளவுக்கு ஆழம். எக்டேருக்கு ஆயிரக்கணக்கில் குழிகள். மழைக்கு முன்பே அதில் சாணியையும் செத்தையையும் போட்டு வைத்தார்கள். நுணுக்கம் இந்த 'முன்பே'யில்தான் இருக்கிறது. கோடையில் சாணி தானாக மக்காது. ஆனால் அதன் வாடைக்கு அடியிலிருந்து கரையான் வரும். வரும்போது அந்தக் கல்பொருக்கைத் துளைத்துக்கொண்டுதான் வர வேண்டும். மனிதன் கடப்பாரையால் ஒரு சாண் தோண்டினான் என்றால், அதற்குக் கீழே உள்ளதைக் கூலி வாங்காமல் பூச்சி தோண்டியது. முதல் மழை விழும்போது குழியில் தேங்கும் நீர் அந்தச் சுரங்கங்கள் வழியே ஆழத்துக்கு இறங்கும். சோளமும் கம்பும் அந்த ஈரத்தில் நிற்கும்.

சவாடோகோவுக்கு 2018இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. குழியில் போட்ட சாணியோடு வந்த மர விதைகள் முளைத்ததை அவர் வெட்டாமல் விட்டு, பின்னர் தானே விதைத்து, ஒரு தோப்பையே உருவாக்கினார். 2023 டிசம்பரில் காலமானார்.

குழி வேலை செய்ததா, கரையான் வேலை செய்ததா என்று சந்தேகப்படுபவர்கள் இருப்பார்கள். அதே நாட்டு மண்ணியலாளர் அப்துலாயே மாண்டோ 1990களில் அதைப் பிரித்துப் பார்த்தார். குழி இல்லை, உழவு இல்லை. பொருக்குத் தட்டிய தரையில் வைக்கோல் மூடாக்கு மட்டும். சில பாத்திகளில் பூச்சிக்கொல்லி போட்டுக் கரையானைத் தடுத்தார். மூடாக்கின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கரையான் வந்த பாத்திகளில் மண் திறந்தது, புல் முளைத்தது, சில ஆண்டுகளில் மரக்கன்றுகளும் நிலைத்தன. கரையான் வராத பாத்திகளில் வைக்கோல் வெறும் வைக்கோலாகவே பெரும்பாலும் கிடந்தது. மூடாக்கு நிலத்தைச் சரிசெய்யும் என்று நாமெல்லாம் சொல்கிறோம். அந்த நிலத்தில் மூடாக்கு வெறும் அழைப்பிதழ்தான்.

ஆஸ்திரேலியாவின் மேற்கே வறண்ட கோதுமை வயல்களிலும் இதை ஒட்டிய சோதனை நடந்தது. தியோடர் எவான்ஸ் குழு 2011இல் சொன்னது: எறும்பும் கரையானும் விடப்பட்ட வயலில், பூச்சிக்கொல்லியால் அவை நீக்கப்பட்ட வயலைவிட விளைச்சல் 36 விழுக்காடு அதிகம். நீர் கூடுதலாக இறங்கியதும் தழைச்சத்து கூடியதும் காரணம். அங்கே தழைச்சத்து கூடியிருக்கிறது, ஹோர்னாடாவில் மேல்மண்ணில் குறைந்தது. கரையான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. எந்த இனம், எந்த மண், என்ன தின்னக் கிடைக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு.

இந்த வேலை எவ்வளவு பெரிதாகும் என்று பார்க்க விரும்பினால் பிரேசிலின் வடகிழக்குக்குப் போக வேண்டும். காட்டிங்கா என்ற முட்புதர்க் காடு அங்கே இருக்கிறது. வறட்சியில் மொத்தமாக இலை உதிர்த்து வெளுத்துப்போய் நிற்கும். அந்தக் காட்டை வெட்டியபோது ஆளுயரத்தைத் தாண்டிய மண்கும்பங்கள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மீட்டர் உயரம், ஒன்பது மீட்டர் அகலம், ஒன்றுக்கொன்று இருபது மீட்டர் இடைவெளி. அந்த ஊர்க்காரர்களுக்கு இவை முருண்டு. ஸ்டீபன் மார்ட்டின், ராய் ஃபன்ச் குழு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி இவை சுமார் 20 கோடி. பரவியிருக்கும் பரப்பு 2,30,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. வயது பார்த்ததில் சில கும்பங்கள் ஏறக்குறைய 4,000 ஆண்டுப் பழமை.

அவற்றுக்குள் யாரும் குடியிருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ராணி இல்லை, பூஞ்சைத் தோட்டம் இல்லை, காற்று வழிகள் இல்லை. சின்டெர்மிஸ் டைரஸ் என்ற கரையான் சுரங்கம் வெட்டியபோது வெளியே கொட்டிய மண் மட்டுமே. சுரங்கம் எதற்கு என்றால், உதிர்ந்த இலைக்கு. காட்டிங்காவில் இலை ஆண்டு முழுக்க உதிராது, ஒரு பருவத்தில்தான் உதிரும். அப்போது பாதுகாப்பாக, வேகமாக, எந்த மூலைக்கும் போய் எடுத்து வர வேண்டும். இரவில் தரையில் சிறு துளை திறந்து, இலையை அறுத்து உள்ளே இழுத்துவிட்டு, துளையை மூடிவிடும். நான்காயிரம் ஆண்டுகளாக அந்தக் காட்டின் சருகுக்காக வெட்டிக்கொட்டிய மண் பத்து கன கிலோமீட்டர் என்கிறார்கள்.

வெப்பம் கூடும்போது இதெல்லாம் எப்படி மாறும் என்று 2022இல் ஒரு பெரிய ஆய்வு பார்த்தது. ஏமி ஸான் தலைமையில் ஆறு கண்டங்களில் 133 இடங்களில், ஒரே வகைப் பைன் மரக்கட்டைகளை வலையில் சுற்றி வைத்தார்கள். சில வலைகளில் கரையான் நுழையத் துளை, சிலவற்றில் இல்லை. பத்து டிகிரி வெப்பம் கூடினால் கரையான் கட்டையைக் கண்டுபிடித்துத் தின்பது ஏறக்குறைய ஏழு மடங்கு கூடுகிறது. பூஞ்சை, பாக்டீரியாவின் வேகம் இரண்டு மடங்கு அளவில்தான் கூடுகிறது. கரையான் மிக மும்முரமாக இருந்த இடங்கள் மழைக்காடுகள் அல்ல. பருவமழைக் காடுகள், சவானாப் புல்வெளிகள், வெப்பமான பாலைகள். நிலம் சூடாகி வறளும்போது பூஞ்சை பின்வாங்கும் இடத்தைக் கரையான் எடுத்துக்கொள்ளும் என்பதே இதன் பொருள்.

சரி, இதெல்லாம் நம் மானாவாரிக் காட்டுக்கு என்ன சொல்கிறது? மூடாக்கு போடச் சொன்னால் முதலில் வரும் கேள்வி 'கரையான் வந்துடுமே' என்பதுதான். வரும். யாத்தெங்காவில் வருவதற்காகவே போட்டார்கள். பொருக்குத் தட்டி மழைநீர் நிற்காத செம்மண் மேட்டில் அது வருவது நல்லது, போட்ட தட்டை ஒரு பருவத்தில் காணாமல் போனாலும். ஆனால் மட்கு சேர்த்து மண்ணின் கரிமத்தை உயர்த்த வேண்டும் என்பது நோக்கமானால், மேலே பரப்பிய காய்ந்த தட்டையை நம்பிப் பயனில்லை. அதில் பெரும்பங்கு புற்றுக்குப் போய்விடும். அப்போது குழியில் மக்க வைத்து, ஈரம் இருக்கும்போது மண்ணோடு கலப்பதுதான் வழி. ஒரே பூச்சி ஒரு வேலைக்கு உதவி, இன்னொரு வேலைக்கு இடைஞ்சல்.

நிலக்கடலை போடுகிறவர்கள் மட்டும் தனியாக யோசிக்க வேண்டும். மைக்ரோடெர்மிஸ், ஓடோன்டோடெர்மிஸ் இனங்கள் கடலைச் செடியின் வேரைக் குடைந்து வாட வைக்கும், காயின் மேல்தோட்டைச் சுரண்டும். சுரண்டிய தோடு வழியே பூசணம் இறங்கும். மழை தவறி, காய் முற்றும் நேரத்தில் செடி வாடி நிற்கும்போதுதான் இது மோசமாகும். அந்த வயலில் முந்தைய பயிரின் தட்டையைப் பாதி காய்ந்த நிலையில் புதைத்துவிட்டு மேலே கடலை விதைப்பது, விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலில் விதைநெல்லைக் காயப்போட்டது போல ஆகிவிடும். கடலைக்கு முன் கட்டைகளைப் பிடுங்கி வரப்போரம் குவித்துவிட்டால், கரையான் அந்தக் குவியலுக்குப் போக வாய்ப்பு உண்டு. முற்றிய கடலையை மண்ணில் நாள்கணக்கில் விட்டுவைக்காமல் பிடுங்கிவிடவும் வேண்டும்.